ஞாயிறு மாலை ஐந்து மணி: கொங்கு நாட்டுக்கு ஒரு கால்பந்து அட்டவணை

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, கோவையில் மறுபடியும் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணி வந்தால் பார்க்க ஆள் வருவார்களா? ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போல ஆறேழு மாதம் நீளும் சீசன் நம் பக்கத்துக்கு ஒத்து வருமா? இல்லை, கிரிக்கெட்டில் செய்வது போல இரண்டே மாதத்தில் சுருக்கி நடத்தினால் கூட்டம் சேருமா?"

ஆள் வருவார்கள் தம்பி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் மாதக் கணக்கில் தொடங்குகிறீர்கள். நான் கிழமையில் தொடங்குவேன். எந்தக் கிழமை, எத்தனை மணி என்பது முடிவாகி, அது சீசன் முழுக்க மாறாமல் நின்றால்தான் மாதத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் உண்டு. ஓர் ஊர் வாரத்தில் எப்போது வேலை செய்கிறது, எப்போது கூலி வாங்குகிறது, எப்போது ஓய்கிறது என்பதைப் பார்த்துத்தான் ஆட்டம் வைக்க வேண்டும். நம் நாட்டில் தொலைக்காட்சியின் நேரத்தைப் பார்த்து அட்டவணை போட்டுவிட்டு, ஊர் வரவில்லை என்று ஊரைக் குறை சொல்கிறார்கள்.

லீக் என்ற ஏற்பாடே தேதிச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்ததுதான். 1880களில் இங்கிலாந்தில் கால்பந்துக்குக் கூட்டம் நன்றாகவே இருந்தது. ஆனால் இன்றைக்கு ஆட்டம் என்று நம்பி வந்தவர்கள் ஏமாந்து திரும்புவது வாடிக்கையாக இருந்தது. கோப்பைப் போட்டியில் ஓர் அணி தொடர்ந்து ஜெயித்தால், அது ஒப்புக்கொண்டிருந்த நட்பு ஆட்டம் ரத்தாகிவிடும். முதல் சுற்றிலேயே தோற்ற அணிக்கோ ஆட எதிராளியே இருக்காது. ஆஸ்டன் வில்லா கிளப்பைச் சேர்ந்த வில்லியம் மெக்ரெகர், இன்ன தேதியில் இன்னாருடன் ஆட்டம், அது மாறாது என்று எல்லோரும் கையெழுத்திட வேண்டும் என்றார். 1888இல் 12 அணிகளோடு ஃபுட்பால் லீக் தொடங்கியது. அவற்றில் ஆறு லங்காஷயர் பகுதியைச் சேர்ந்தவை. பிளாக்பர்ன், பர்ன்லி, போல்டன், பிரெஸ்டன் எல்லாம் நம் கோவையைப் போல நூற்பாலையும் தறியும் ஓடிய ஊர்கள்.

அங்கே ஆட்டம் ஏன் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1850இல் வந்த ஆலைச் சட்டப்படி ஜவுளி ஆலைகளில் பெண்களும் சிறுவர்களும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால் காலப்போக்கில் எல்லோருக்கும் சனிக்கிழமை அரை நாள் ஓய்வாயிற்று. இரண்டு மணிக்கு ஆலையை விட்டு வெளியே வந்தவர்கள் மூன்று மணிக்கு மைதானத்தில் நின்றார்கள். அந்த மூன்று மணி இன்று வரை அங்கே ஒரு மரபாகவே இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் கால்பந்தை நேரலையில் காட்டக் கூடாது என்று 1960களில் ஏற்பட்ட கட்டுப்பாடும், மைதானத்துக்கு வருகிறவனைக் காப்பாற்றத்தான் வந்தது. அதற்காகப் போராடிய பாப் லார்டு ஒரு ஜவுளி ஊர் அணியின், பர்ன்லியின், தலைவர்.

நம் ஜவுளி ஊர்களின் வாரம் எப்படி ஓடுகிறது? திருப்பூரில் நீங்கள் அறியாதது இல்லை. காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஆர்டர் நெருக்கும் காலத்தில் ஒன்றரை ஷிப்ட். வெளியே வர இரவு ஒன்பதாகும். சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். செக்கிங், பேக்கிங் வரைக்கும் கணக்கு முடித்துக் கையில் பணம் வாங்கி, மளிகைக் கடை பாக்கியைத் தீர்த்து, வீடு போய்ச் சேரவே அன்றைய பொழுது சரியாகிவிடும். கோவையின் பவுண்டரிகளிலும் பம்பு கம்பெனிகளிலும் சின்ன ஒர்க்‌ஷாப்புகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். சனிக்கிழமை முழு ஓய்வு என்பது சரவணம்பட்டிப் பக்கத்து ஐ.டி. கம்பெனிகளில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியது. அவர்களும் வரட்டும், வேண்டியவர்கள்தான். ஆனால் காலரியை நிரப்பும் கூட்டம் அவர்கள் இல்லை. ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவும் செவ்வாயும் கூடுகிறது. அதில் கடை போடுகிறவர்களுக்குத் திங்கள் மாலை என்பது மூட்டை கட்டும் நேரம்.

எனவே மொத்தக் கொங்குக்கும் பொதுவாகக் கையில் பணமும் மனதில் ஓய்வும் சேர்ந்திருக்கும் ஒரே நேரம் ஞாயிறு. அதிலும் காலையில் கறிக்கடை, மதியம் வரை காதுகுத்து, கிடாவெட்டு, புதுமனை புகுவிழா. மூன்று மணிக்கு மேல்தான் வீடு அமைதியாகும். மாலை ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கினால் ஏழு மணிக்கு முன்பே முடிந்துவிடும். மறுநாள் காலை எட்டரை ஷிப்டுக்குப் போக வேண்டியவர் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். பல்லடத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்த குடும்பமும் திரும்பிப் போக வழி இருக்கும். ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகும். காந்திபுரத்திலோ சிங்காநல்லூரிலோ அந்த நேரத்தில் கைக்குழந்தையோடு வெளியூர் பஸ்ஸுக்கு நிற்பவர் அடுத்த ஆட்டத்துக்கு வரமாட்டார். முதல் முறை வருவது ஆசையால். இரண்டாம் முறை வருவது வீடு திரும்பிய அனுபவத்தால்.

பிற்பகல் இரண்டு மணி ஆட்டத்தை அடியோடு மறந்துவிட வேண்டும். ஐ.எஸ்.எல். தவிர்த்த இன்னொரு தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கில் அந்த நேரம் பல ஆண்டுகள் இருந்தது. நம் பக்கத்து மாவட்டப் போட்டிகளில் இன்றும் இருக்கிறது. வெயிலில் சுடும் சிமெண்ட் படிக்கட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். மேல் வரிசையின் பின்சுவர் தரும் ஒரு முழ நிழலில் வரிசையாக நிற்பார்கள். சூரியன் இறங்க இறங்க அந்த நிழலோடு சேர்ந்து கூட்டமும் படிப்படியாகக் கீழே இறங்கி வரும். இரண்டாம் பாதி பாதியாகும்போதுதான் கோட்டுக்கு அருகே ஆள் இருப்பார்கள். ஆடுகிற பையன்களும் அதுவரை தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டேதான் ஆடுவார்கள். ஆட்டம் மெதுவாகும், பார்ப்பவனுக்கும் அலுக்கும்.

கோவை இதற்கு முன் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். சென்னை சிட்டி எஃப்.சி. 2017-18 சீசனிலிருந்து கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெட்ரோ மான்சி என்ற முன்கள ஆட்டக்காரர் 2018-19இல் 21 கோல் போட்டார். கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று, ஒரு புள்ளி பின்னால் இருந்த ஈஸ்ட் பெங்காலும் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு தடுப்பு ஆட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். 3-1. இந்தியாவின் ஐ-லீக் கோப்பை கோவைக்கு வந்தது. சென்னை என்ற பெயரைத் தாங்கிய அணியைத் தன் அணியாக ஏற்றுக்கொண்ட ஊர் இது. பெயரில் ஊரே இல்லாமல் இத்தனை செய்த ஊர், பெயரும் இருந்தால் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அதே சீசனின் தொடக்கத்தைப் பாருங்கள். முதல் ஆட்டம் 2018 அக்டோபர் 26. இந்தியன் ஆரோஸை 4-1 என்று வென்ற ஆட்டம், மான்சி மூன்று கோல். அருமையான தொடக்கம். அன்று வெள்ளிக்கிழமை. அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 6. தீபாவளிக்குப் பதினோரு நாள் இருக்கையில், ஒரு வேலை நாளில், திருப்பூரிலிருந்தும் சோமனூரிலிருந்தும் யார் வர முடியும்? கம்பெனிகளில் ஏற்றுமதிச் சரக்கு கிளம்பும் நேரம். போனஸ் பேச்சுவார்த்தை நடக்கும் நேரம். கடைத்தெருவில் கால் வைக்க முடியாத நேரம். அதே ஆட்டத்தைத் தீபாவளி முடிந்து இரண்டு வாரம் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தால், மூன்று கோல் போட்ட மான்சியின் பெயர் திங்கட்கிழமை எல்லாக் கம்பெனி டீக்கடைகளிலும் பேசப்பட்டிருக்கும்.

இனி மாதத்துக்கு வருவோம். கேரளத்து நண்பர்கள் மழை என்றால் ஜூனையும் ஜூலையையும் நினைப்பார்கள். நமக்கு அப்படி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் கோவைச் சமவெளிக்கு ஆண்டு மழையே சுமார் 700 மில்லிமீட்டர்தான். அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசியும் கார்த்திகையுமாக வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது, அதுவும் மாலையிலும் இரவிலும். தென்மேற்குப் பருவத்தில் நமக்கு வருவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் இடைக்கிடை தூறலும். கேரளத்தில் மைதானம் குளமாகிக் கிடக்கும் ஆடி மாதத்தில், நம் மைதானம் உலர்ந்து, மாலை குளிர்ந்து இருக்கும். காற்று பலமாக அடிக்கும், உயரத் தூக்கி அடித்த பந்து திசை மாறும். பந்தைத் தரையோடு கடத்தி ஆடப் பழகிய அணிக்கு அது ஒரு குறையே அல்ல.

தேசிய லீக் என்றால் நமக்காக மட்டும் ஆடியில் தொடங்க முடியாது. கொல்கத்தா, கோவா, மும்பை, கொச்சி எல்லாம் அப்போது மழையில் இருக்கும். ஆசியக் கூட்டமைப்பும் 2023-24 முதல் தன் கிளப் போட்டிகளை இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடிக்கும் முறைக்கு மாற்றிவிட்டது. ஆகவே செப்டம்பர், அக்டோபரில் தொடங்கி ஏப்ரல், மே வரை என்பதே தேசிய அளவில் இயல்பான வடிவம். (2025 செப்டம்பரில் தொடங்கியிருக்க வேண்டிய ஐ.எஸ்.எல்., வணிக உரிமை ஒப்பந்தம் முடிவுக்கு வந்த குழப்பத்தில் 2026 பிப்ரவரிக்குத் தள்ளிப்போய், ஒற்றைச் சுற்றாகச் சுருங்கியது வேறு கதை. அதை யாரும் முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது.) அந்த வடிவத்துக்குள் கோவையின் சொந்த மைதான ஆட்டங்கள் எந்த வாரங்களில் விழுகின்றன என்பதில்தான் நாம் பேரம் பேச வேண்டும்.

என் கணக்கு இது. ஐப்பசியிலும் கார்த்திகை முற்பாதியிலும் முடிந்தவரை வெளியூர் ஆட்டங்கள். மார்கழி பிறந்ததிலிருந்து மாசி நடுப்பகுதி வரை சொந்த மைதான ஆட்டங்களை நெருக்கமாக வைக்க வேண்டும். மார்கழியில் மழை ஓய்ந்திருக்கும், கல்யாணம் கிடையாது, அரையாண்டுத் தேர்வு முடிந்து டிசம்பர் கடைசி வாரம் பிள்ளைகளுக்கு விடுமுறை. இப்படி எல்லாம் கூடி வரும் மாதம் வேறு இல்லை. மார்ச்சில் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புத் தேர்வுகள் வந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பையன்களும் அவர்களுடைய அப்பா அம்மாவும் அந்த ஒரு மாதம் வர மாட்டார்கள். மார்ச் கடைசியில் ஐ.பி.எல். தொடங்கிவிடும். அதோடு மோதிக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் ஊருக்கு ஊர் தேரும் குண்டமும் வேறு: கோவையில் கோனியம்மன், பொள்ளாச்சியில் மாரியம்மன், ஈரோட்டில் பெரிய மாரியம்மன், பண்ணாரி. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிச் சாலை முழுக்கப் பாதயாத்திரை. இந்த நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டு அந்த வாரங்களில் அணியை வெளியூர் அனுப்பிவிட வேண்டும்.

பண்டிகை விடுமுறையில் ஆட்டம் வைத்தால் கூட்டம் அள்ளும் என்று வெளியூர்க்காரர்கள் யோசனை சொல்வார்கள். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் மறுநாள் ஆட்டம் உண்டே என்பார்கள். அங்கே அன்று ஊரில் ஆள் இருப்பார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திருப்பூரில் யார் இருப்பார்கள்? மதுரை, தேனி, திண்டுக்கல், தஞ்சை என்று ஊர் ஊராகக் கிளம்பிப் போய்விடுவார்கள். பல கம்பெனிகள் மறுபடி முழு வீச்சில் ஓடவே ஒரு வாரம் ஆகும். கொங்கின் உள்ளூர்க்காரர்களும் மாட்டுப் பொங்கலன்று தோட்டத்துப் பட்டியில்தான் இருப்பார்கள். ஆகவே பொங்கல் வாரம் கோவையில் ஆட்டம் கூடாது. ஆனால் தீபாவளி போனஸ் கைக்கு வரும் வாரத்தில் சீசன் டிக்கெட்டை விற்பனைக்கு விட வேண்டும். நூல் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் இருப்பவர்களுக்கு ஆண்டில் மொத்தமாகப் பணம் புரளும் நேரம் அது ஒன்றுதான்.

இன்னொன்று, அட்டவணை போடுகிறவர்கள் யாரும் இதுவரை பார்க்காதது: முகூர்த்த நாள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றால் பயப்பட வேண்டியதில்லை. மதியப் பந்தி முடிந்துவிடும், மொய் எழுதிவிட்டு மாலையில் ஆட்டத்துக்கு வந்துவிடலாம். திங்கட்கிழமை முகூர்த்தம்தான் ஆபத்து. ஞாயிறு மாலை வரவேற்பு இருக்கும். பங்காளி, மாமன் மச்சான், சம்பந்தி வீடு என்று பாதி ஊர் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும். தையிலிருந்து வைகாசி வரை திங்கட்கிழமையில் விழும் வளர்பிறை முகூர்த்தங்கள் எத்தனை என்று பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சீசன் தொடங்குமுன் பஞ்சாங்கமும் வந்துவிடும். அந்த ஞாயிறுகளை மட்டும் தவிர்த்தால் போதும்.

இதெல்லாம் ஒரு லீக் அட்டவணையில் நடக்கக் கூடியதா என்றால், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 14 அணிகள், இரண்டு சுற்று என்றால் ஆளுக்கு 26 ஆட்டம், சொந்த மைதானத்தில் 13. ஒரு வாரச் சுற்றில் ஏழு ஆட்டங்கள். தொலைக்காட்சிக்காரர்கள் ஏழையும் தனித்தனி நேரத்தில் கேட்பார்கள். கொடுக்கலாம்: வெள்ளி இரவு ஒன்று; சனி, ஞாயிறு இரு நாளும் மூன்று, ஐந்து, ஏழரை மணிக்கு ஒவ்வொன்று. ஏழும் வந்துவிட்டது. இப்போது நடப்பது போல வாராவாரம் எந்த ஆட்டத்துக்கு எந்த நேரம் என்று சீட்டுக் குலுக்காமல், நேரத்தை ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கோவைக்கு ஞாயிறு ஐந்து மணி. வார நாள் இரவுக்கு ஆள் வரும் பெருநகரத்துக்கு வெள்ளி இரவு. பகலில் குளிரும் ஷில்லாங் போன்ற ஊருக்குப் பிற்பகல் மூன்று மணி.

ஏழு நேரங்கள், 14 அணிகள். ஒரு நேரத்துக்கு இரண்டு அணிகளை ஜோடி சேர்க்க வேண்டும். ஒன்று சொந்த ஊரில் ஆடும் வாரம் மற்றது வெளியூரில் ஆட வேண்டும். ஒற்றைச் சுற்று அட்டவணையை அப்படி ஏழு ஜோடிகளாக அமைக்க நல்ல கணித வழிகள் இருக்கின்றன. ஒரு சிக்கல் உண்டு. சொந்த ஊர், வெளியூர், சொந்த ஊர் என்று பிசகாமல் மாறி மாறி ஆடும் வரிசை இரண்டே விதம்தான்: உள்ளூரில் தொடங்குவது ஒன்று, வெளியூரில் தொடங்குவது இன்னொன்று. ஒரே வரிசையைக் கொண்ட இரண்டு அணிகள் தமக்குள் மோதவே முடியாது, ஏனென்றால் இரண்டும் ஒரே நாளில் உள்ளூரில் இருக்கும். எனவே 14 அணிகளில் இரண்டுக்கு மட்டுமே முழுச் சுற்றும் பிசகில்லாமல் அமையும். மற்ற 12 அணிகளுக்கும் குறைந்தது ஒரு முறையாவது அடுத்தடுத்து இரண்டு உள்ளூர் ஆட்டமோ இரண்டு வெளியூர் ஆட்டமோ வந்தே தீரும். இதை எல்லோரும் குறையாகப் பார்க்கிறார்கள். நான் வாய்ப்பாகப் பார்க்கிறேன். அந்தப் பிசகை எங்கே வைப்பது என்று கேட்டு வாங்கலாம். கோவைக்கு இரண்டு வெளியூர் ஆட்டங்களைத் தீபாவளியை ஒட்டியும், இரண்டு உள்ளூர் ஆட்டங்களை டிசம்பர் கடைசியிலும் கேட்க வேண்டும்.

தொலைக்காட்சி தரும் பணம்தானே லீக்கை நடத்துகிறது என்பீர்கள். ஆமாம். ஆனால் காலியான காலரியைக் காட்டும் ஒளிபரப்பை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? ஜெர்மனியில் பண்டஸ்லிகா தொலைக்காட்சிக்காகத் திங்கள் இரவு ஆட்டங்களைக் கொண்டு வந்தது. ரசிகர்கள் ஆட்டத்தை நிறுத்தும் அளவுக்கு எதிர்ப்புக் காட்டினார்கள், காலரியைக் காலியாக விட்டார்கள். 2021-22 சீசனிலிருந்து திங்கள் ஆட்டம் எடுக்கப்பட்டுவிட்டது. அயர்லாந்து லீக் 2003இல் குளிர்காலத்தை விட்டுக் கோடைக்கு மாறியது. அங்கே வெள்ளி இரவு என்பது லீக்குக்கே உரிய நேரமாக நிலைத்துவிட்டது. ஆஸ்திரேலியா 1989-90இல் தன் தேசியக் கால்பந்து லீக்கைக் கோடைக்கு மாற்றியது, குளிர்காலத்து ரக்பியோடும் ஆஸ்திரேலிய ஃபுட்பாலோடும் மோத வேண்டாம் என்பதற்காக. ஜப்பானும் அமெரிக்காவும் இப்போது எதிர்த் திசையில் போகின்றன. ஜே-லீக் 2026-27 முதல், எம்.எல்.எஸ். 2027-28 முதல் ஐரோப்பாவின் நாட்காட்டிக்கு மாறுகின்றன, இரண்டும் கடுங்குளிரில் இடைவேளை விட்டு. எல்லோருக்கும் பொதுவான ஒரு நல்ல மாதம் உலகில் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டு மாதச் சுருக்கச் சீசன் பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஐ.எஸ்.எல். அதைத்தான் 2014 முதல் 2016 வரை செய்தது. அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். எட்டு அணிகள், லீக் சுற்றில் ஆளுக்கு 14 ஆட்டங்கள். பெரிய பெயர்கள் வந்தார்கள், கூட்டமும் திரண்டது. ஆனால் ஆண்டில் மீதி ஒன்பது மாதம் அணி என்பது ஒரு சுவரொட்டி மட்டும்தான். ஆட்டக்காரர்கள் மற்ற மாதங்களில் வேறு கிளப்புக்குப் போய் ஆடினார்கள். 2017-18இல் பத்து அணிகளாக்கி நான்கைந்து மாதத்துக்கு நீட்டினார்கள். கொங்கில் சுருக்கச் சீசன் நடத்தினால் ஒரே வாரத்தில் புதன், ஞாயிறு என்று ஆட்டம் வரும். புதன் ஆட்டம் காலியாகத்தான் நடக்கும். வாராவாரம் சம்பளம் வாங்குகிறவர் ஒரே மாதத்தில் ஐந்து டிக்கெட் வாங்க மாட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு டிக்கெட் வாங்குவார், ஆறு மாதத்துக்கும் வாங்குவார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்யும் வடக்கத்தித் தொழிலாளர்களை இந்த அட்டவணைக்காரர்கள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அஸ்ஸாம், மேற்கு வங்காளம், ஒடிசா, ஜார்க்கண்ட். இவர்களில் பலர் கிரிக்கெட்டுக்கு முன்பே கால்பந்தைக் காலில் வைத்து வளர்ந்தவர்கள். 2019இல் கோப்பையைத் தந்த கௌரவ் போராவே அஸ்ஸாம்காரர்தான். ஞாயிறு மாலை எந்தக் கம்பெனி விடுதியின் பின்புறம் போனாலும் காலி மனையில் நான்கு செங்கலை நட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள். நார்த் ஈஸ்ட் யுனைடெட், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், ஜாம்ஷெட்பூர் அணிகள் கோவைக்கு வரும் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் இவர்கள் பஸ் பிடித்து வருவார்கள். அதே ஆட்டம் வார நாளில் விழுந்தால் அந்தக் கூட்டம் முழுதும் மெஷினில் உட்கார்ந்திருக்கும். துர்கா பூஜை வாரத்தில் வங்காள அணியையும், ஏப்ரலில் பிஹு நேரத்தில் அஸ்ஸாம் அணியையும் இங்கே வரவழைத்துப் பயனில்லை. அவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். எதிரணிக்குக் கை தட்ட வந்தால் என்ன, டிக்கெட் வாங்கி வருகிறார்கள். இரண்டு பக்கமும் சத்தம் இருந்தால்தான் ஆட்டம் ஆட்டமாக இருக்கும்.

கடைசியாக, தேசிய அணி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். ஆடி நம் கையில் இருக்கிறது. கல்யாணம் இல்லாத மாதம், காய்ந்த மைதானம், குளிர்ந்த மாலை. கோவையில் நடக்கும் டி.என்.பி.எல். கிரிக்கெட் ஆட்டங்களும் பெரும்பாலும் அதற்குள் முடிந்திருக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர், பொள்ளாச்சி, எட்டாவதாக எல்லை தாண்டிப் பாலக்காடு. ஒற்றைச் சுற்று என்றால் ஏழு ஞாயிறு, அரையிறுதிக்கும் இறுதிக்கும் இரண்டு ஞாயிறு. ஆடி முதல் ஞாயிறு தொடங்கினால் காலாண்டுத் தேர்வை ஒட்டி முடிந்துவிடும். ஆடிப்பெருக்கு வாரம் பவானியும் கொடுமுடியும் ஆற்றில் இருக்கும். அந்த வாரம் ஈரோட்டுக்கு உள்ளூர் ஆட்டம் கொடுக்க வேண்டாம். பாலக்காட்டில் அப்போது அடைமழை, ஆகவே அந்த அணியின் எல்லா ஆட்டமும் நம் பக்கமே. அங்கிருந்து கோவைக்கு ஐம்பது கிலோமீட்டர்தான். அங்கே செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) பார்த்துப் பழகியவர்கள் ரயிலேறி வருவார்கள். சேலத்தில் ஆவணி, புரட்டாசியில் மாலை மழை வலுக்கும் என்பதால் அந்த ஊர் ஆட்டங்களை முதல் நான்கு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

உங்கள் ஊர் நண்பர்கள் இதைக் கையில் எடுப்பதானால் முதல் வேலை மைதானத் தேதி. எந்த ஊரிலும் ஸ்டேடியம் கால்பந்துக்கு மட்டும் சொந்தமில்லை. தடகளப் போட்டி, பள்ளி விளையாட்டு விழா, அரசு நிகழ்ச்சி எல்லாம் அதே தரையில்தான் நடக்கும். ஆகவே வைகாசியிலேயே ஒன்பது ஞாயிறுகளையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கிடைக்காத ஞாயிறு எது என்று தெரிந்த பிறகு அட்டவணையைப் போடுங்கள். போட்டதை மொத்தமாக ஒரே நாளில் வெளியிடுங்கள். பனியன் கம்பெனி நோட்டீஸ் பலகையில் ஒட்டும் அளவுக்கு ஒற்றைத் தாளில் தமிழிலும் இந்தியிலும் அச்சடியுங்கள். ஒட்டிய பிறகு ஒரு தேதியையும் மாற்றாதீர்கள்.